அம்மாவின் கையிலிருந்து வேலையை வாங்கிவிடாதீர்கள்

வாசகர் கேள்வி

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாவது மாடியில் கணவர், இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. அப்பா இறந்த பிறகு, நிபோங் தெபாலில் இருந்த அம்மாவை இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னோடு அழைத்து வந்துவிட்டேன். அவருக்கு வயது 71; இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உண்டு. சிறு வயதிலிருந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு முறுக்கு சுட்டு விற்று எங்களைப் படிக்க வைத்தவர். பட்ட பாடு போதும் என்று இங்கே அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. குடிக்கத் தண்ணீர்கூட நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஆனாலும் ஒரு வருடமாகத் தளர்ந்துகொண்டே போகிறார். சுவரைப் பிடித்து நடக்கிறார். தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கிறார், பேச்சு குறைந்துவிட்டது, பெயர்களை மறக்கிறார். இரவில் சாப்பாடு வேண்டாம் என்று தேநீரும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். சென்ற தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போனபோது படியேற முடியாது என்று அவரைக் கீழேயே உட்கார வைத்தோம். வீட்டுக்கு வந்தும் அழுதார். குளியலறையில் ஒரு முறை வழுக்கி விழுந்ததிலிருந்து, படுத்து ஓய்வெடுக்கட்டும் என்று அண்ணன் சொல்கிறார். அம்மா நல்லபடியாக இருக்க எந்தச் சத்து மாவு, எந்த மாத்திரை கொடுக்கலாம்?
ஒரு மகள், பினாங்கு

முதியோர் நல மருத்துவரின் பதில்

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

சத்து மாவுக்கும் மாத்திரைக்கும் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை திரும்பப் படித்த வரி வேறு. குடிக்கத் தண்ணீர்கூட நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போய், பால் வாளியைச் சுமந்து, பிறகு கொதிக்கும் எண்ணெய்க்கு முன் நின்று பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பெண்ணுக்கு இனியாவது ஓய்வு கிடைக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய தளர்ச்சிக்கு 71 வயதை மட்டும் காரணமாக என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேலை, ஊர், பேசிப் பழகிய மனிதர்கள் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அவரைவிட்டுப் போயிருக்கின்றன. அவற்றுள் வேலையை நாம்தான் பாசத்தோடு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் தந்தை ஓய்வு பெற்ற பிறகு நாள்தோறும் காலையில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பையுடன் நடந்துபோய்க் காய்கறியும் மீனும் வாங்கி வருவார். அவருக்கு 74 வயதானபோது, மழையும் வாகன நெரிசலுமாக இருக்கிறது, நானே மருத்துவமனையிலிருந்து வரும் வழியில் வாங்கி வருகிறேன் என்று அதை நிறுத்தினேன். ஓராண்டுக்குள் அவர் தாழ்வான நாற்காலியிலிருந்து எழுந்திருக்க என் கையை எதிர்பார்க்கத் தொடங்கினார். சந்தைக்குப் போய்வந்த அந்த நடையும், படியேற்றமும், பையின் சுமையும், மீன்காரரோடு நடந்த பேரமும் சேர்ந்துதான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தன என்பது, இதே துறையில் இருந்த எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது. அந்த வருத்தத்தோடுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் தசையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் சுவரைப் பிடித்து நடப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதைத் தாண்டினால் இழப்பு இன்னும் வேகமாகிறது. இது எல்லோருக்கும் உள்ளது. ஆனால் வயதால் பல ஆண்டுகளில் நேரும் இழப்பைப் படுக்கை சில நாள்களில் செய்துவிடும். 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வயதுள்ள, எந்த நோயும் இல்லாத சிலரைப் பத்தே நாள்கள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று நம் பெரியவர்கள் சொத்தைப் பற்றிச் சொன்னது உடலுக்கும் அப்படியே பொருந்துகிறது. அண்ணனிடம் இந்தச் செய்தியைக் கட்டாயம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஓய்வு மருந்து. கால் தளர்ந்தவருக்கு அது மேலும் தளர்ச்சியையே தரும்.

போன தசை திரும்பி வருமா என்று நீங்கள் கேட்கக்கூடும். 1990-இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாகத் தொண்ணூறு வயதான, நலிந்த நிலையில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முழுமையாக முடித்த ஒன்பது பேரின் தொடைத் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இரண்டு பேர் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறில் இது நடக்குமானால், இளமையெல்லாம் உழைப்பில் கழித்த உங்கள் அம்மாவுக்கு 71-இல் நடக்காது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இன்று மாலையே ஒன்றைச் செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத, உறுதியான சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அம்மாவை அதில் உட்காரச் சொல்லுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் நேரம் பாருங்கள். ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோலின்படி 12 விநாடி அல்லது அதற்குமேல் ஆனால் உடலின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றாலும் கலங்க வேண்டாம், நாம் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது தெரிந்துவிடும். விநாடிக் கணக்கைச் சுவர் நாள்காட்டியில் தேதியோடு எழுதி வையுங்கள்.

அதே எழுந்து உட்காரும் செயல்தான் முதல் பயிற்சியும். காலையில் எட்டு முறை, மாலையில் எட்டு முறை, முடியாவிட்டால் ஒரு தலையணையைப் போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். சமையலறைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவதும், அதே இடத்தில் ஒரு காலைத் தூக்கிப் பத்து விநாடி நிற்பதும் அடுத்தவை. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடையோடு, வாரம் இரண்டு நாளாவது தசைக்கும் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. நம்மில் பெரும்பாலோர் நடையோடு நிறுத்திவிடுகிறோம்; நடை நல்லது, ஆனால் விழாமல் காப்பது பெரிதும் மற்ற இரண்டும்தான். பயிற்சியின்போது மார்பில் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தண்ணீர்மலைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அம்மாவே வாய்விட்டு வெளிப்படுத்திய ஒரே ஆசை அதுதான். மேலே அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். இந்த மாதம் அவரால் ஏற முடியாது, ஏற்றவும் கூடாது. ஆனால் உங்கள் அடுக்குமாடியிலேயே படிக்கட்டு இருக்கிறது. மூன்று மாதம் நாற்காலிப் பயிற்சி செய்து கால் வலுப்பெற்ற பிறகு, மருத்துவர் சரி என்றால், லிஃப்டில் ஒரு மாடி முன்னதாகவே இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு மாடியை ஏறட்டும். அடுத்த தைப்பூசத்தில் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஐம்பது படி ஏறினாலும் அது அவருடைய ஏற்றம். உடற்பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடும் எத்தனையோ தாய்மார்கள், முருகனைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு வந்ததும் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

குளியலறையில் விழுந்ததை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார்கள், ஒரு முறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் விழுந்த பயத்தில் நடமாட்டத்தைக் குறைத்தால் கால் இன்னும் தளர்ந்து, அடுத்த வீழ்ச்சி விரைவில் வரும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் வெளியிட்ட ஒரு மதிப்பீட்டில், உடற்பயிற்சி விழுதல்களை 23 விழுக்காடு குறைப்பது தெரியவந்தது. ஆகவே மனிதரைக் கட்டிப்போடாமல் இடத்தைத் திருத்துங்கள். குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பு, கழிப்பறை அருகே சுவரில் திருகிப் பொருத்திய எஃகுக் கைப்பிடி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, அடித்தளம் தேய்ந்துபோன ரப்பர் செருப்புக்குப் பதில் குதிகாலைப் பிடிக்கும் செருப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, நீங்கள் வாங்க நினைக்கும் சில டின் சத்து மாவின் விலைக்குள் அடங்கிவிடும். கிளினிக்கில் இரத்த அழுத்தத்தை உட்கார்ந்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அளக்கச் சொல்லுங்கள். எழுந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்குவதால் விழுபவர்கள் பலர், அவர்களுக்கு மருந்தின் அளவை மாற்றினாலே போதுமானதாக இருக்கக்கூடும். தூக்க மாத்திரை ஏதும் எடுக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள்.

இப்போது சத்து மாவு. அதை நான் தடை செய்யவில்லை, ஆனால் டின்னின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். முதியோருக்கு என்று விற்கப்படும் சில மாவுகளிலும், நம் வீடுகளில் வழக்கமாகக் கலக்கும் மால்ட் பானங்களிலும் சர்க்கரை கணிசமாக இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. நம் சமூகத்தின் முதுமையைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு கணக்கை ஒதுக்கி வைக்க முடியாது. கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் எழுபதில் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இதுவே தீர்மானிக்கிறது.

அம்மாவுக்குக் குறைவது புரதம் என்று அந்த இரவுத் தேநீரும் பிஸ்கட்டும் சொல்கின்றன. மூத்தவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு 55 முதல் 66 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் கெம்போங் மீனில் ஏறத்தாழ 20 கிராம், அதே அளவு தெம்பேயில் 19 கிராம் அளவுக்கு, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 10 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. இரசத்தை ஊற்றிப் பிசைந்த சோறும் அப்பளமும் வயிற்றை நிரப்பும், தசையைக் கட்டாது. இரவில் பசியில்லை என்றால் ஓர் அவித்த முட்டையும், சிறிது பருப்பும், ஒரு தோசையும் போதும். தட்டு நிறைய வைத்து வற்புறுத்த வேண்டாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மட்டும் இந்த அளவுகளை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். பல் ஆடுகிறதா, பொய்ப்பல் உறுத்துகிறதா என்றும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், மீனையும் கோழியையும் ஒதுக்குகிறவர்கள் பலர் மெல்ல முடியாமல் ஒதுக்குகிறார்கள். தோட்டத்துப் பழக்கமாக வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறவராக இருந்தால் அதை விடச் சொல்லுங்கள். வாய்ப் புற்றுநோய் இந்நாட்டில் இந்தியர்களிடையே அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதனோடு சேர்ந்த ஆபத்து ஒன்று உண்டு. இரவில் சரியாகச் சாப்பிடாமல் இனிப்புநீர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற மாத்திரைகளிலும் இன்சுலினிலும் இது நேரும். நள்ளிரவில் வியர்ப்பது, கை நடுங்குவது, விடியலில் குழப்பமாகப் பேசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். எழுபதைக் கடந்து தளர்ந்திருப்பவருக்குச் சர்க்கரையை இளையவரைப்போல் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. அளவைத் தளர்த்தலாமா என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

அடுத்தது காது. தொலைக்காட்சியின் சத்தமும், குறைந்துபோன பேச்சும், மறதியும் உங்கள் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் வந்திருக்கின்றன. அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றே நான் நினைக்கிறேன். கேட்காத பெயரை நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. பேரப்பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் தமிழும் கலந்து வேகமாகப் பேசும்போது, இரண்டு முறை என்ன என்று கேட்டவர் மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்; வீட்டார் அதை மறதி என்றும் வயது என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டை, மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனிப்பதன் மூலம் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறது. அந்தப் பதினான்கில் கேட்கும் திறன் குறைவதும் கெட்ட கொழுப்பும் தலா 7 விழுக்காட்டோடு முன்னணியில் நிற்கின்றன. மனிதத் தொடர்பற்ற தனிமைக்கு 5 விழுக்காடு. காதுக்கருவி எல்லோருக்கும் மறதியைத் தடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2023-இல் அமெரிக்காவில் எழுபது வயதைக் கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடந்த சோதனையில் மொத்தமாகப் பார்க்கும்போது வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மறதிநோய்க்கான ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரிடம் மூன்றாண்டுகளில் அறிவுத்திறன் இழப்பு 48 விழுக்காடு குறைந்திருந்தது. இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அந்தச் செய்தி முக்கியமானது. முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சில நேரம் அதோடு முடிந்துவிடும். அதே பயணத்தில் கண்ணையும் காட்டிவிடுங்கள். கண்புரையும், இனிப்புநீரால் விழித்திரையில் வரும் பாதிப்பும் வலியில்லாமல் வளர்கின்றன.

மறதிக்கு வேறு எளிய காரணங்களும் உண்டு. இனிப்புநீருக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம்; தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மந்தம் வரும். இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை போதும். நீங்கள் கேட்ட மாத்திரையை அப்போது, குறைவு தெரிந்தால், அந்தக் குறைவுக்கு மட்டும் கொடுக்கலாம். மனச்சோர்வும் மூத்தவர்களிடம் மறதியைப் போலவே வேடமிட்டு வரும். கணவரை இழந்து, அதே வேகத்தில் வீட்டையும் ஊரையும் விட்டு வந்த ஒருவர் அழுவதையும் உண்ணாததையும் பேசாததையும் மருத்துவரிடம் சொல்ல நீங்கள் தயங்க வேண்டாம். அது குணப்படுத்தக்கூடிய நோய்.

மனிதர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வீட்டில் நான்கு பேர் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன தனிமை என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தினர் 1938-இல் தொடங்கி இன்றுவரை தொடர்ந்து வரும் ஓர் ஆய்வு உண்டு. அந்தப் பல்கலைக்கழக மாணவர் 268 பேரையும், பாஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 456 இளைஞர்களையும் அவர்கள் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து, நலமாக மூத்தவர்கள் யார், நலிந்துபோனவர்கள் யார் என்று பார்த்தார்கள். புகைபிடிக்காமை, மதுவுக்கு அடிமையாகாமை, உடற்பயிற்சி, அளவான எடை ஆகியவை எதிர்பார்த்ததுபோலவே முன்னே வந்தன. எதிர்பாராதது, ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பதில் உடல்நலத்தோடு இருந்தார்கள் என்பது. அந்த வயதில் எடுத்த கொழுப்பு அளவைக்கூட அது விஞ்சி நின்றது. அதில் இருந்தவர்கள் எல்லோரும் அமெரிக்க ஆண்கள், நம் தாய்மார்களைப் போன்ற எவரும் இல்லை என்பது உண்மைதான். இருந்தும் என் அறைக்கு வரும் மூத்த பெண்களிடம் நான் பார்ப்பதும் இதையே. உறவு என்பது ஒரே கூரையின்கீழ் இருப்பது மட்டும் அன்று. தம்மை நெடுநாளாக அறிந்தவரோடு, தமக்குத் தெரிந்ததைப் பேச முடிவதும் அதில் அடங்கும். லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர், கோயிலில் பூக்கட்டும்போது உடன் உட்கார்ந்தவர், முறுக்கு வாங்க வந்து அரைமணி நேரம் நின்று பேசியவர் ஆகிய எல்லோரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

மாதம் இருமுறை, ஞாயிறு காலையில், இரண்டாம் பாலம் வழியாக அவரை நிபோங் தெபாலுக்கு அழைத்துப் போய் ஒரு நாள் முழுதும் பழைய அண்டை வீட்டாரோடு விட்டுவிட்டு மாலையில் அழைத்து வர முடியுமா என்று பாருங்கள். அண்ணன் அம்மாவுக்காக ஏதாவது செய்ய விரும்பினால் இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம். மற்ற நாள்களுக்கு, சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம், அதாவது பாவே, உங்கள் வட்டாரத்துக்கு அருகில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காலையில் உட்கார்ந்திருக்கும் மலாய் மக்சிக்கோடும் சீனப் பாட்டியோடும் சந்தை மலாயில் பேசிப் பழக உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கைவந்த கலை. அவரைக் கீழே இறங்க விடுவது ஒன்றே உங்கள் பங்கு.

இனி வேலை. 1976-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் இரண்டு உளவியலாளர்கள் எளிய சோதனை ஒன்று நடத்தினார்கள். ஒரு தளத்தில் இருந்த முதியவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் முடிவு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்து அதை அவர்களே பராமரிக்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவதைத் தாதியர் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் அதிக விழிப்போடும் சுறுசுறுப்போடும் இருந்தார்கள். மற்றத் தளத்தினரில் பெரும்பாலோர் தளர்ந்திருந்தார்கள். பணிவிடையில் குறை எதுவும் இருக்கவில்லை, பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

நிபோங் தெபால் வீட்டில் அம்மாவிடம் கறிவேப்பிலையும் முருங்கையும் நிச்சயம் இருந்திருக்கும். வெயில் படும் பால்கனியில் நான்கு தொட்டிகள் வையுங்கள், தண்ணீரை அவரே ஊற்றட்டும், நீங்கள் மறந்தும் ஊற்றாதீர்கள். காலைத் தேநீரை அவரே கலந்து உங்களுக்கும் கொடுக்கட்டும். வெங்காயம் உரிப்பதா, கீரை ஆய்வதா, துணி மடிப்பதா, அன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவெடுப்பதா என்று அவரிடமே கேளுங்கள். முடிவெடுக்கும் வேலை மற்ற எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. மெதுவாகச் செய்வார், சிந்துவார், உங்களுக்கு வேலைக்குப் போகும் அவசரம் இருக்கும். பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்கிவிடலாம் என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தீபாவளிக்கு முறுக்கு சுட முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். மலேசியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 140,000 பேரைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கையால் இறுகப் பிடிக்கும் வலிமை ஒவ்வோர் ஐந்து கிலோ குறையும்போதும் இறப்பு அபாயம் 16 விழுக்காடு கூடியிருந்தது. கை வலுத்தால் ஆயுள் கூடும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முழு உடலின் நிலையைக் கை காட்டுகிறது, அவ்வளவே. ஆனால் முறுக்கு அச்சைப் பிழிந்து பிழிந்து உரமேறிய கை வெறுமனே மடியில் கிடப்பதை நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன் நீங்கள் நில்லுங்கள், மாவுப் பாத்திரத்தை உங்கள் மகன் தூக்கட்டும், பதம் பார்த்து, உட்கார்ந்து பிழிந்து, சரியில்லை என்றால் திட்டுவது அவராக இருக்கட்டும். ஒரு டின் விற்றாலும் அந்தப் பணம் அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், கோயில் கடையில் வாங்கிய சூரணம், பக்கத்து வீட்டார் கொடுத்த மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள். மருத்துவர் கேள்வி கேட்டால் நீங்கள் பதில் சொல்லாமல் அம்மாவைச் சொல்ல விடுங்கள். நீங்களும் அன்றே உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள், தாய்க்கு இனிப்புநீர் இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்புண்டு. நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ அம்மாவுக்கு இன்று எத்தனை விநாடி ஆனது என்பதையும், மூன்று மாதம் கழித்து எத்தனை ஆகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.